ஓய்ந்திருக்கும் படைக்கலம்: நெய்யணிதல் முதல் உரிமச் சட்டம் வரை

தமிழர் போர்முறை குறித்து எழுந்த ஆராய்ச்சிகள் பல. வெட்சி முதலாய திணைப் பாகுபாடு, நாற்படை அமைதி, அரண் முற்றல், களவேள்வி ஆகியவை நன்கு ஆராயப் பெற்றுள்ளன. ஆயின், போர் ஓய்ந்த காலத்தில் படைக்கலம் எவ்விடத்து வைக்கப் பெற்றது, அதனைப் பேணியவர் யாவர், துரு அணுகாமற் காத்த முறை யாது என்னும் வினாக்களை எழுப்பினோர் மிகச் சிலரே. ஒரு வேலின் வாழ்நாளில் அது களத்தில் நின்ற நாள்கள் சிலவே. கிடந்த நாள்களோ பல. அந்நாள்களின் வரலாற்றை இலக்கியச் சான்றும் ஆவணச் சான்றும் கொண்டு ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குக் குன்றக்குடியை நடுவிடமாகக் கொள்கின்றோம். காரைக்குடிக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரின் குன்று மயில் வடிவினது எனப் போற்றப்பெறும். மயூரகிரி என்னும் பெயரும் அது பற்றியே எழுந்தது. குன்றின் மேல் வேலேந்திய சண்முகநாதர் திருக்கோயிலும், அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகளும் உள. பெரிய மருதுவின் முதுகிற் கண்ட பிளவை இக்கோயில் திருநீற்றால் ஆறியது என்றும், அதன் பின்னரே அவர் திருப்பணியில் ஈடுபட்டார் என்றும் கோயில் மரபு கூறும். சிவகங்கைச் சீமையின் கடைசிப் போர் நிகழ்ந்த காடுகளும், மருதிருவர் தூக்கிலிடப் பெற்ற திருப்பத்தூரும் இதற்கு அணித்தே உள்ளன. தெய்வத்தின் கைவேல், மறவர் வீட்டு வளரி, அரசு உரிமம் பெற்ற துப்பாக்கி ஆகிய மூன்றையும் ஒரே வட்டாரத்தில் வைத்துக் காண இஃது ஏற்ற இடமாகும்.

முதற்கண் இலக்கியச் சான்றைக் காண்போம். புறநானூற்று 95-ஆம் பாட்டு, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியது. தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைக் காட்ட, அதனைப் புகழ்வார் போலப் பழித்தும், அதியமான் படைக்கலங்களைப் பழிப்பார் போலப் புகழ்ந்தும் அவர் பாடிய நயத்தைப் பயிலாத மாணவர் இலர். அந்நயத்திலேயே நாம் நின்றுவிடுவதால், பாட்டு தரும் செய்தி ஒன்று கண்ணிற்படாது போகின்றது. தொண்டைமானின் கருவிகட்குச் செய்யப் பெற்றனவாக அவர் கூறுவன எவை? மயிற்பீலியும் மாலையும் அணி. அவற்றை ஒதுக்கினால் எஞ்சுவன மூன்று: காம்பினைச் செப்பஞ் செய்தல், நெய் பூசுதல், காவலுடைய பெருமனையில் வைத்தல். மரம், இரும்பு, காவல் என்று இவற்றை நிரல்படக் கொள்ளலாம். நெடுநாள் கிடக்கவேண்டிய கருவிக்கு இன்றும் வேண்டப்படுவன இம்மூன்றே.

அதியமானின் கருவிகளோ, நுனி முரிந்து, கொல்லனது சிறு கொட்டிலிற் கிடக்கின்றன. இதனைக் கேட்ட தொண்டைமானுக்குப் பொருள் உடனே விளங்கியிருக்கவேண்டும். நெய்யணிந்த வேல் போர் காணாத வேல் என்பது அவையோர் அறிந்த செய்தியாயினன்றோ அங்கதம் பயன் தரும்? ஆகவே, படைக்கலத்தை முறையாகப் பேணி வைத்தல் அக்காலத்து அரண்மனைகளில் நன்கு வேரூன்றிய வழக்கம் என்பதற்கு இப்பாட்டே சான்றாகின்றது. புலவர் நகையாடியது போரின்மையை. பேணும் முறையை அன்று. இப்பாட்டின் துறை வாண்மங்கலம் என வகுத்தோரும் இதனை உணர்ந்தே வகுத்தனர் எனலாம்.

அரண்மனைச் சாலை அவ்வாறாக, குடிமகன் வீட்டு வேல் எங்ஙனம் இருந்தது? இதற்கு விடை 332-ஆம் பாட்டில் உளது. விரியூர் நக்கனார் பாடிய அப்பாட்டில், ஓர் ஊர் மறவனின் வேல் மூன்று நிலைகளிற் காட்டப் பெறுகின்றது. ஒரு கால் அது புழுதி படிந்து குடிசையின் கூரையிற் செருகப்பட்டுக் கிடக்கும். ஒரு கால் மாலை சூடி, மகளிர் சூழ, யாழொலியோடு நீர்நிலைக்கும் தெருவிற்கும் உலாப் போகும். ஒரு கால் வேந்தர் யானையின் முகத்திற் பாயும். கூரைச் செருகல் என்னும் வழக்கு எளியதேனும் பொருளற்றதன்று. அடுப்புப் புகை படியும் கூரையடியில் தரையின் ஈரம் ஏறாது. குழந்தைகளின் கையும் எட்டாது. விதைச் சோளக்கதிரையும் ஏர்ப்பகுதிகளையும் இவ்விடத்தே வைத்த உழவர், வேலையும் அங்கேயே வைத்தனர் என்று கருதுவது பொருந்தும். புலவர் கூறாத காரணத்தை நாம் ஏற்றிக் கூறுகின்றோம் என்பாரும் உளராகலாம்; ஆயினும், கூரை வீட்டில் வாழ்ந்தவர்க்கு இது விளக்கவேண்டாத செய்தி.

இவ்விடத்து நீராட்டு, நெய் ஆகிய இரண்டையும் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். வென்ற வாளை நீராட்டும் மங்கலத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிக்கின்றது. இதனைச் சடங்கென்றே உரைகாரர் கொண்டனர். சடங்கின் அடியில் ஒரு கைத்தொழில் உண்மையும் உளது. குருதியிலும் வியர்வையிலும் உப்பு உண்டு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் உப்புக் கரையாது, நீரிலேயே கரையும். ஆதலின், முதலில் நீராட்டி, நன்கு உலர்த்தி, பின்னரே நெய் பூசவேண்டும். நீராட்டாது நெய் பூசின், உப்பின் மேல் மூடி இட்டது போலாகும். துரு உள்ளிருந்தே வளரும். நீராட்டுக்குப் பின் நெய்யணிதல் என்னும் இவ்வொழுங்கு, பதினெட்டு நூற்றாண்டுகட்குப் பின் வந்த துப்பாக்கிக்கும் மாறாது பொருந்தியதைப் பின்னர்க் காண்போம்.

நெய் என்பது பண்டு ஆவின் நெய்யையும் எள்ளின் நெய்யையும் குறித்தது. இரண்டும் இரும்பைக் காக்கும்; நெடுநாள் காவா. ஆவின் நெய் நாளடைவிற் காறிப் புளிக்கும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசுபிசுக்கும். வேல் வாள்களுக்கு இதனால் பெருந் தீங்கில்லை. துடைத்துவிட்டு மீண்டும் பூசலாம். அங்ஙனம் மீண்டும் மீண்டும் பூசவேண்டிய இன்றியமையாமையே, ஆண்டிற்கொரு நாள் படைக்கலத்தை வெளிக்கொணரும் விழாவுக்கு ஒரு துணைக் காரணமாயிற்று எனலாம். வாண்மங்கலத்திலிருந்து மகாநவமி ஆயுத பூசை வளர்ந்தது என்று துணிந்து கூறச் சான்று போதாது. இரண்டும் ஒரே தேவையை நிறைவேற்றின என்ற அளவில் நிற்போம்.

இனிச் சிவகங்கைக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டின் பாளையப் படைகளில் வேலும் வாளும் வளரியும் துப்பாக்கியொடு கலந்து நின்றன. துப்பாக்கி என்னும் சொல் துருக்கியர் வழியாக வந்தது; திருக்குறள் வான்சிறப்பின் இரண்டாம் குறளில் இதன் ஒலியைக் கேட்டு மகிழ்வது சொல்விளையாட்டேயன்றிச் சொல்லாராய்ச்சி ஆகாது. துப்பாக்கியுடன் புதியதொரு காப்பிடமும் வேண்டியதாயிற்று. வேலுக்கு ஈரம் ஒன்றே பகை; வெடிமருந்துக்கு ஈரம், நெருப்பு ஆகிய இரண்டும் பகை. மருந்துக் கிடங்கு தனியே அமைக்கப் பெறாவிடின் அரண்மனையே அழியும். வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டபோது குயிலி என்னும் பெண் தன் உடலில் தீ மூட்டிக்கொண்டு பகைவர் படைக்கலக் கிடங்கில் பாய்ந்தாள் எனவும், அது விசயதசமி நாள் எனவும் வாய்மொழி மரபு வழங்குகின்றது. இதற்கு அக்காலத்து ஆவணச் சான்று கொண்டு உறுதி கூறல் அரிது. எனினும், படைக்கலம் ஓரிடத்துக் குவிந்து, பூசை நாளில் காவல் நெகிழ்ந்திருந்த நிலையையே இம்மரபு தன் அச்சாணியாகக் கொண்டிருத்தல் நோக்கற்பாலது.

வளரி பற்றிய நேர்ச்சான்று ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி, 1830-இல் வெளியான நினைவுநூலில் உளது. வேல் எறியவும் வளரி வீசவும் தமக்கு முதற்கண் கற்பித்தவர் சின்ன மருதுவே என்றும், கைவல்லார் வீசினால் 100 கெசத்துக்குட்பட்ட எத்தொலைவிலும் அது குறி தப்பாது என்றும் அவர் எழுதுகின்றார். கற்பித்தவர்க்கு எதிராகவே அவர் 1801-இல் படையுடன் வரநேர்ந்தது. குன்றக்குடிக்கு அணித்தாகிய சிறுவயலிலிருந்து காளையார்கோயில் நோக்கிக் காட்டை வெட்டிப் பாதை அமைக்கக் கும்பினிப் படை பல நாள் முயன்று, ஈடேறாது திரும்பியது. பின்னர் வேறு வழியாகப் புகுந்து 1801 அக்டோபர் 1-இல் காளையார்கோயிலைக் கைப்பற்றியது. அக்டோபர் 24-இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப் பெற்றனர்.

போர் முடிந்தபின் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப் பெற்றதும், பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மேன் ஆணையிட்டார். அவ்வாணை முழுமையாக நிறைவேறவில்லை என்பதற்கு 1801-ஆம் ஆண்டுப் போரே சான்று. ஆதலின், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் 1-ஆம் நாள் மற்றோர் அறிவிப்பை வெளியிட்டார். பாளையக்காரரும் சேர்வைக்காரரும் படைக்கலம் வைத்திருந்தமையே தீமைகட்கு மூலம் என்று கூறிய அவ்வறிவிப்பு, அரசின் இசைவு பெற்றன ஒழிய ஏனைய படைக்கலப் பயன்பாடு முழுதையும் ஒடுக்கும் முடிவைத் தெரிவித்தது. அதுகாறும் படைக்கலம் வைத்திருத்தல் குடிமகனின் இயல்பு நிலை. அன்று முதல் அஃது அரசு தரும் இசைவாயிற்று. கூரையிற் செருகிய வேல், ஒரே நாளில் குற்றப்பொருளாயிற்று.

அவ்வேல்களும் வளரிகளும் எங்கே சென்றன? இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருவது, எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல். வளரியைப் பற்றிப் புதுக்கோட்டைத் திவான் எழுதியனுப்பிய குறிப்பு அதில் எடுத்தாளப் பெற்றுள்ளது. வளரி பெரும்பாலும் வைரமேறிய மரத்தாலும், சிறுபான்மை இரும்பாலும் ஆனது, பிறை வடிவினது, ஒரு முனை கனத்தது, வெளி விளிம்பு கூரியது. அதனை வீசவல்லார் அரசில் எவரும் இலர் என்று கூறும் திவான், கள்ளர் மறவர் வழியினர் இல்லங்களில், ஏனைய பழங்கருவிகளுடன் பூசையறையில் அது வைக்கப்பட்டுள்ளமையையும், ஆயுத பூசை போன்ற நாள்களில் வெளியே எடுத்துச் சுரண்டித் துலக்கி உடனே பழைய இடத்தில் வைக்கப்படுவதையும் குறிக்கின்றார்.

இக்குறிப்பைக் கையாளுங்கால் எச்சரிக்கை ஒன்று வேண்டும். அது புதுக்கோட்டை பற்றியது. புதுக்கோட்டைத் தொண்டைமான் 1801-இல் கும்பினியின் பக்கம் நின்றவர். அவர் குடிகள் சிவகங்கைக் குடிகள் போல ஒறுக்கப் பெறவில்லை. ஆகவே, பழங்கருவிகள் அங்கே மிகுதியாக எஞ்சியிருத்தல் இயல்பு. (ஔவையார் கண்ட தொண்டைமானையும் இத்தொண்டைமானையும் பெயரொப்புமை கொண்டு இணைத்துக் கதை புனைதல் வேண்டா.) எனினும், இரு சீமைகளிலும் ஒரே குலத்தினர் ஒரே வழிபாட்டு முறையினர் ஆதலின், பூசையறை படைக்கலக் கொட்டிலின் இடத்தைப் பெற்ற மாற்றம் இரண்டற்கும் பொது எனக் கொள்ளுதல் தகும். பயன்பாடு தடுக்கப் பெற்ற கருவி, தெய்வத்தின் பக்கத்தில் நின்று தன்னைக் காத்துக்கொண்டது.

அரசுக் கொட்டில்கள் இத்துணைப் பேறு பெறவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாசி 1855-இல் இறந்தபின், அரண்மனையின் பெரும் படைக்கலத் தொகுதி கேட்பாரற்றுப் போயிற்று. 1860-களில் அது பிரிக்கப்பட்டபோது, சிறந்தன சில சென்னை அருங்காட்சியகம் முதலிய இடங்கட்குச் சென்றன. எஞ்சிய பல உடைத்தொழிக்கப் பெற்றன. இது குறித்து வால்ஹவுஸ் 1878-இல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் கட்டுரை வரைந்தார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் செல்லும் முதுகலை மாணவர், அங்குள்ள தஞ்சைக் கட்டாரிகளின் பிடிகளைக் காணல் வேண்டும். இலக்கியத்தில் நாம் படிக்கும் அழகு வேலைப்பாடு எத்தகையது என்பது அப்போது விளங்கும்.

1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் என்னும் முறையை இந்தியா முழுதும் நிலைநிறுத்தியது. இனித் தாழ்த்தண்டு ரைபிளைக் காண்போம். கதவின் தாழ்ப்பாள் போலக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்து, முன் தள்ளிப் பூட்டும் தண்டினை உடைமையால் இவ்வாறு கூறுகின்றோம்; வழக்கில் போல்ட் என்பர். 1895-இல் ஆங்கிலப் படை ஏற்ற லீ-என்பீல்டு இவ்வகையது. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் இந்தியாவிலும் செய்யப் பெற்றது. அதன் .303 அளவு படைக்கும் காவற்றுறைக்குமே உரியதாதலின், குடிமக்கள் வாங்கியது இச்சாப்பூரின் .315 வேட்டை ரைபிளே. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை நின்றது. வேட்டைத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. உரிமத்தோடு கூடிய ஒரு கருவி பல்லாண்டு சும்மா கிடத்தல் என்னும் நிலை இங்ஙனம் எழுந்தது.

இக்கருவியை நெடுநாள் வைக்கும் முறையைச் சங்கச் செய்தியுடன் ஒப்பு நோக்குவோம். முதற்செயல், குண்டு உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தல். குண்டறையும் குழலின் பின்வாயும் இரண்டுமே வெறுமையாதல் வேண்டும். வேலுக்கு இக்கவலை இல்லை. அடுத்து, தண்டினைக் கழற்றிக் குழலைத் துடைத்தல். பழைய தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடித்தபின் குழலில் உப்புப் படியும். ஆதலால், சுட்டபின் கொதிநீரைக் குழல்வழி ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பின் எண்ணெயிடுக என்று படைவீரர்க்குக் கற்பித்தனர். வென்ற வாளை நீராட்டி நெய்யணிந்த ஒழுங்கே இது. அப்படைவீரர் பூசியது இரங்கூன் எண்ணெய் என்னும் பெயருடைய நில எண்ணெய், பர்மாவிலிருந்து வந்தது. நகரத்தார் வட்டித்தொழில் செழித்த அதே மண்ணின் எண்ணெய் ஆங்கிலேயரின் துப்பாக்கியைத் துருவினின்றும் காத்தது என்பதைக் காரைக்குடி வாசகர் சுவைப்பர்.

நில எண்ணெய் காறுவதும் இல்லை, பிசுபிசுப்பதும் இல்லை. நல்லெண்ணெய் வேலுக்கு ஏற்கும். துப்பாக்கியின் வில்லுக்கும் தண்டுக்கும் ஏலாது, நாளடைவிற் பிசின்போல் இறுகிப் பொறியைத் தடுக்கும். சில மாதங்கட்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும்; பல்லாண்டு வைப்பதாயின் கெட்டியான கிரீசு வேண்டும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவர்; காம்பினைச் செப்பஞ் செய்தல் என்று ஔவையார் கூறியதன் வழி இது. பூசியபின் வெறுங்கையால் இரும்பைத் தொடல் ஆகாது. விரலின் வியர்வை பட்ட இடத்தில் ரேகை வடிவிலேயே துரு தோன்றும். குழலின் வாயைப் பஞ்சால் அடைத்தலும், தோலுறையில் இட்டு வைத்தலும் காப்பெனத் தோன்றினும் கேடே; இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குழலின் வாய் கீழ்நோக்க நிறுத்தினால் எண்ணெய் வழிந்து மரக்கட்டையில் ஊறாது. எடுத்துக் கையாளுமுன் குழலிலுள்ள கிரீசை முற்றத் துடைத்தெடுத்தல் வேண்டும். குழலில் அடைப்பிருக்கச் சுட்டால் குழல் பிளக்கும்.

காவல் என்னும் மூன்றாவதற்கு வருவோம். பூட்டிய இரும்பலமாரியில் துப்பாக்கியும், வேறிடத்தில் தண்டும், மற்றோரிடத்தில் தோட்டாவும் பூட்டப் பெறுதல் நன்று. அரண்மனைச் சாலையையும் மருந்துக் கிடங்கையும் பிரித்து வைத்த பழைய அறிவே ஓர் இல்லத்தளவில் சுருங்கி நிற்கின்றது. உரிமையாளர் இறந்தாலோ உரிமம் நீங்கினாலோ, 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, காலந்தாழ்த்தாது அண்மைக் காவல் நிலையத்திலோ, விதிகட்குட்பட்டு உரிமம் பெற்ற வணிகரிடத்தோ அதனை ஒப்படைத்தல் வேண்டும். ‘தாத்தாவின் துப்பாக்கி, பரணில் கிடக்கட்டும்’ என்று கருதும் பேரன், அறியாமலே சட்டத்தை மீறியவனாகின்றான். பழுது நீக்கியும் சுடமுடியாத நிலையில், வழக்கொழிந்த அமைப்போ தொன்மை மதிப்போ உடைய கருவிகட்கு அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்களிக்கின்றது; ஆயின் அந்நிலையைத் தாமே முடிவு செய்துகொள்ளாது, உரிய அலுவலரிடம் காட்டித் தெளிதல் அறிவுடைமை.

சட்டத்தால் துப்பாக்கிக்குக் கிடைத்துள்ள காவல் வளரிக்கும் வேலுக்கும் இல்லை. நாம் கவலைகொள்வது இவை பற்றியே. சிவகங்கை வட்டாரத்துப் பூசையறைகள் சிலவற்றில், இரும்புக் கருவிகளைப் புளியும் செங்கற்பொடியும் கொண்டு தேய்த்து, ஈரம் உலருமுன் திருநீறும் குங்குமமும் சாத்தி, மீண்டும் மூலையில் வைக்கும் வழக்கத்தைக் கண்டிருக்கின்றோம். புளியின் காடி துருவோடு இரும்பையும் தின்னும். செங்கற்பொடி வாளின் மேற்பரப்பை அராவும். கொல்லன் இட்ட முத்திரையும், உடையவன் பொறித்த எழுத்தும், உலைக்களத்து வேலைப்பாட்டின் சுவடும் அப்பரப்பிலேயே உள்ளன. திவான் குறித்த அந்தச் சுரண்டல் ஆண்டுக்கு ஒரு முறையாக நூறாண்டுக்கு மேல் நிகழ்ந்திருப்பின், எத்துணை எழுத்துகள் மறைந்திருக்கும்! கல்லில் வெட்டியதை மைப்படி எடுத்துக் காக்கும் நாம், இரும்பில் வெட்டியதை ஆண்டுதோறும் தேய்த்து அழித்து வருகின்றோம்.

பூசையை நிறுத்துக என்று கூறுதல் நம் கருத்தன்று. அப்பூசை இன்றேல் இக்கருவிகள் என்றோ பழைய இரும்புக் கடைக்குச் சென்றிருக்கும். மென்துணியால் துடைத்தல், உலர்த்துதல், மணமற்ற நில எண்ணெயை மெல்லிதாகத் தடவுதல், திருநீற்றையும் குங்குமத்தையும் இரும்பின் மேல் இடாது அதனடியில் விரித்த பட்டின் மேல் இடுதல் ஆகிய அளவே வேண்டப்படுவது. மரத்தாலாகிய வளரிக்கு நீர் ஆகாது. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் அதன் வளைவு நாளடைவில் திரியும். பலகையில் கிடையாக வைத்தலே தக்கது. அடுத்த ஆயுத பூசைக்கு முன், நம் துறை மாணவர் ஊர்தோறும் சென்று, குடும்பத்தார் இசைவுடன், இக்கருவிகளின் நீளம், எடை, வளைவு, பொறிப்பு ஆகியவற்றைப் படத்துடன் பதிவு செய்யத் தொடங்குதல் வேண்டும். சிறுவயல், குன்றக்குடி, திருப்பத்தூர், காளையார்கோயில் ஆகிய நான்கு ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களே முதற்கட்டமாகப் போதும். குடும்பத்தார் பெயரையும் வீட்டின் இருப்பிடத்தையும் வெளியிடாது, கருவியின் செய்தியை மட்டும் அச்சிடுதல் அவர்தம் நம்பிக்கைக்கும் கருவியின் காவலுக்கும் ஏற்றதாகும்.